திண்ணையும் நூலும்: தொரப்பள்ளி இராஜாஜியும் தாமே கற்போருக்கான தமிழ் நூல்களும்

ஆசிரியர் இன்றித் தாமே கற்க விழைவோருக்கென நூல் இயற்றும் மரபு, அச்சுக்கூடம் தோன்றுவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே வேரூன்றிவிட்ட ஒன்றாகும். ரேய் நகரில் பிறந்த மருத்துவ மேதை அபூபக்கர் அர்ராஸீ (கி.பி. 865–925), மருத்துவர்களுக்கென எழுதிய பெருநூல்களோடு நின்றுவிடவில்லை. 'மன் லா யஹ்ளுருஹுத் தபீப்' என்றொரு நூலையும் அவர் இயற்றினார். 'மருத்துவர் அருகில் இல்லாதவருக்கு' என்பது அதன் பொருள். வறியோரும் வழிப்போக்கரும் தம் நோய்க்குத் தாமே முதலுதவி தேடிக்கொள்ள உதவும் நூல் அது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் (மறைவு ஹிஜ்ரி 505 / கி.பி. 1111), 'இஹ்யாவு உலூமித்தீன்' என்னும் பெருநூலை அறிஞர் மொழியாகிய அரபியில் எழுதிய பின்னர், அதன் சாரத்தைப் பாரசீக மொழியில் சுருக்கி 'கீமியாயே ஸஆதத்' என்னும் பெயரில் வழங்கினார்கள். அரபி அறியாத பொதுமக்களுக்காகச் செய்யப்பட்ட பணி அது.

இவ்விரு நூல்களும் ஒரே வினாவை எழுப்புகின்றன. அறிஞர் குழுவுக்குள் வழங்கும் அறிவை அதற்கு வெளியே நிற்பவரிடம் கொண்டுசெல்ல வேண்டுமாயின், எந்த மொழியில், எந்தச் சொற்களால், எத்தகைய வாசகரை மனத்திற் கொண்டு எழுதுவது? தமிழில் நவீன அறிவியலைப் பொறுத்து இவ்வினாவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே எழுப்பியவர்களுள் ஒருவர், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஓசூருக்கு அருகிலுள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர். அவரை நாடு அரசியல் தலைவராகவே நினைவிற் கொண்டிருக்கிறது. பொது வாசகருக்கு அறிவியல் எழுதியவர் என்ற முறையில் அவரைக் காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எல்லைப்புறத்தின் மொழிகள்

கிருஷ்ணகிரியை உள்ளடக்கிய பாராமகால் பகுதி, 1792இல் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின் வாயிலாகத் திப்பு சுல்தானிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு மாறியது. ஓசூர்ப் பகுதியோ 1799இல் சுல்தான் வீரமரணம் எய்தும் வரை மைசூர் அரசின்கீழ் இருந்தது. அவ்வாண்டு ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபோது கைப்பற்றப்பட்டவற்றுள் சுல்தானின் நூலகமும் ஒன்று. ஏறத்தாழ இரண்டாயிரம் ஏடுகளைக் கொண்டிருந்த அந்நூலகத்திற்குச் சார்லஸ் ஸ்டூவர்ட் என்பவர் தொகுத்த அட்டவணை 1809இல் அச்சாயிற்று. இறையியல், சூஃபித்துவம் ஆகியவற்றோடு மருத்துவம், கணிதம், வானியல் முதலிய துறைகளின் அரபு, பாரசீக நூல்களும் அதில் இடம்பெற்றிருந்தன. அவ்வளவு செல்வமும் அரண்மனையில் இருந்து, பின்னர்க் கல்கத்தாவுக்கும் இலண்டனுக்கும் சென்றது. அந்த அரசின் எல்லைக்குள் உழுதும் நெய்தும் வாழ்ந்த குடியானவர்க்கு அந்நூல்களின் மொழியே எட்டாதது. அறிவு ஓரிடத்தில் குவிந்திருப்பது வேறு, அது பொதுமக்கள் கைக்கு எட்டுவது வேறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அவ்வட்டாரத்தில் இல்லை.

ஓசூர் இன்றளவும் பல மொழிகள் கலந்து வழங்கும் ஊராகும். தமிழும் தெலுங்கும் கன்னடமும் வீதியில் ஒலிக்க, அங்குள்ள முஸ்லிம் இல்லங்கள் பலவற்றில் தக்கனி உருது பேசப்படுகிறது. வீட்டில் ஒரு மொழி, கடைத்தெருவில் மற்றொன்று, பள்ளியில் மூன்றாவது ஒன்று என்று வளரும் பிள்ளைக்கு, 'எந்த மொழியில் கற்பது' என்பது நாள்தோறும் எதிர்ப்படும் சிக்கலாகும்.

சேலத்தில் ஒரு சங்கம்

இத்தகைய சூழலில் 1878 டிசம்பர் 10 அன்று தொரப்பள்ளியில் பிறந்தவர் சக்கரவர்த்தி இராஜகோபாலாச்சாரியார். தந்தையார் அக்கிராமத்தின் முன்சீபாக இருந்தவர். ஊர்ப்பள்ளியிலும் ஓசூர் அரசுப் பள்ளியிலும் பயின்ற இராஜாஜி, பின்னர்ப் பெங்களூர் மத்தியக் கல்லூரியிலும் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கல்வி கற்று, 1900ஆம் ஆண்டையொட்டிச் சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் தொடங்கினார்.

அவர் தேசிய அரசியலில் புகழ்பெறுவதற்கு முன்னரே, 1916இல், சேலத்தில் தமிழ்ச் சாஸ்திரீய பரிபாஷைச் சங்கம் என்றோர் அமைப்பை நண்பர் வெங்கடசுப்பையருடன் சேர்ந்து தோற்றுவித்தார். வேதியியல், இயற்பியல், தாவரவியல் முதலிய துறைகளுக்குத் தமிழ்க் கலைச்சொற்களை வகுப்பது அதன் பணி. சங்கத்தின் சார்பில் இதழ் ஒன்றும் வெளிவந்தது. உயர்கல்வி முழுவதும் ஆங்கிலத்தில் நடந்த அக்காலத்தில், அறிவியலைத் தமிழில் சொல்ல இயலும் என்பதையே பலர் ஏற்கவில்லை. தம் சிறுநூல் ஒன்றுக்கு இராஜாஜி இட்ட பெயரே 'தமிழில் முடியுமா?' என்பதாகும். படித்தவர்களிடையே அன்று நிலவிய ஐயத்தை அவர் அப்படியே தலைப்பாக்கினார்.

இம்முயற்சி வெற்றிடத்தில் தோன்றியதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் 1847 முதல் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஷ் கிறீன், மேலை மருத்துவத்தைத் தமிழ் வழியே கற்பித்து, அதற்கெனப் பல நூல்களைத் தமிழாக்கினார். 1875இல் வெளிவந்த வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயரிடப்பட்டது. அப்பெயரின் பயணம் நோக்கத்தக்கது. கிரேக்கத்திலிருந்து அரபியில் 'அல்கீமியா' ஆகி, அங்கிருந்து இலத்தீன் வழியே ஆங்கிலத்தை அடைந்து, யாழ்ப்பாணத்தில் தமிழ் விகுதி பெற்ற சொல் அது. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் பாரசீக நூலின் தலைப்பில் உள்ள 'கீமியா'வும் அதே சொல்லே.

எனினும் கிறீன் எழுதியது மருத்துவ மாணவர்க்கு. அவர்களுக்கு ஆசிரியர் உண்டு, ஆய்வுக்கூடம் உண்டு, தேர்வும் உண்டு. இவற்றில் எதுவுமே இல்லாதவருக்கு வேதியியலைச் சொல்ல முற்பட்டபோது இராஜாஜி தம் நூலுக்குத் 'திண்ணை ரசாயனம்' என்று பெயர் வைத்தார். தாவர இனப்பெருக்கத்தைப் பற்றிய நூலுக்குத் 'தாவரங்களின் இல்லறம்' என்று பெயரிட்டார். திண்ணையும் இல்லறமும் எந்தத் தமிழ் வீட்டிற்கும் அயலானவை அல்ல. தலைப்பைக் கண்டதுமே, இந்நூல் தமக்காக எழுதப்பட்டது என்று வாசகர் உணர்ந்துவிடுவார்.

பொதுமக்கள் மொழியில் அவருக்கு இருந்த பயிற்சி, அரசியல் பணியிலும் வளர்ந்ததாகும். 1925இல் திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமத்தை நிறுவிய அவர், அங்கிருந்து 'விமோசனம்' என்னும் மதுவிலக்கு இதழை நடத்தினார். அதன் பணியில் துணைநின்றவர், பின்னாளில் பெரும்புகழ் பெற்ற கல்கி கிருஷ்ணமூர்த்தி. கிராமத்து வாசகர் நிறுத்தாமல் படிக்கும் வாக்கியம் எது, சலித்து மூடிவிடும் வாக்கியம் எது என்பதை அறிய அத்தகைய இதழைவிடச் சிறந்த களம் இல்லை.

அதே தலைமுறையில் அறிவியலைப் பொது வாசகருக்கு எழுதுவதையே வாழ்நாட் பணியாகக் கொண்ட பெ. நா. அப்புஸ்வாமியும் (1891–1986) தொழிலால் வழக்கறிஞரே. தமிழில் அறிவியல் நூலுக்கு வழியமைத்தவருள் இருவர் ஆய்வுக்கூடத்திற்கு வெளியே இருந்தவர்கள் என்பது சிந்தனைக்குரியது. தாம் அறியாத துறையைத் தாமே கற்றுத் தெளிந்தவருக்கே, கற்பவர் எங்கே தடுமாறுவார் என்பது தெரியும். நீதிமன்றத்தில் சிக்கலான வழக்கை விளங்கச் சொல்லும் பழக்கமும் அவர்களுக்குக் கைகொடுத்திருக்க வேண்டும்.

சொற்களைப் பற்றிய பூசல்

சேலத்துச் சங்கத்தின் பெயரே அதன் குறையையும் காட்டிவிடுகிறது. 'சாஸ்திரீயம்', 'பரிபாஷை' என்னும் இரண்டும் வடசொற்கள். அன்றைய கற்றோர் உரைநடை அவ்வாறே இருந்தது. ஆனால் தனித்தமிழ் உணர்வு பரவிய அடுத்த இருபதாண்டுகளில், கலைச்சொற்கள் தமிழ் வேரிலிருந்தே பிறக்க வேண்டும் என்ற கோரிக்கை வலுப்பெற்றது. சென்னை மாகாணத் தமிழ்ச் சங்கம் 1938இல் வெளியிட்ட 'கலைச் சொற்கள்' என்னும் தொகுப்பு அக்கோரிக்கையின் விளைவாகும். 1940இல் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் தலைமையில் அரசு அமைத்த கலைச்சொற் குழு வடமொழிக்கு முதன்மை தருவதாகக் கூறித் தமிழறிஞர்கள் கடுமையாக எதிர்த்தனர்.

இப்பூசலை வெறும் மொழிப்பற்றின் மோதலாகக் கருதுவது பொருந்தாது. பள்ளி மாணவர் புரியாத சொல்லை மனப்பாடம் செய்தேனும் கடந்துவிடுவார். பொருள் கூற ஆசிரியர் இருக்கிறார். தாமே கற்பவருக்கு அந்த உதவி இல்லை. சொல் அவரை நிறுத்தினால் நூலே மூடப்படும். ஆதலின் கலைச்சொல்லின் எளிமையால் யாரினும் மிகுதியாகப் பயன்பெறுபவர் தாமே கற்பவரே. 'ரசாயனம்' என்ற சொல் வேதியியலுக்கு இடம்விட்டு விலகிவிட்ட இன்றும், அதனுடன் சேர்த்துக் கூறிய 'திண்ணை' புரிகிறது என்பதில் ஒரு பாடம் உள்ளது.

அரை நாள் பள்ளி

இராஜாஜியின் அறிவுப் பணியைப் போற்றுவோர், 1953ஆம் ஆண்டைத் தாண்டிச் சென்றுவிட இயலாது. சென்னை மாநில முதலமைச்சராக இருந்த அவர், அவ்வாண்டு ஊரகத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு புதிய திட்டத்தைக் கொண்டுவந்தார். நாளொன்றுக்கு ஐந்து மணி நேரமாக இருந்த வகுப்பு மூன்று மணி நேரமாகக் குறைக்கப்பட்டது. எஞ்சிய நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்க வேண்டும் என்று வகுக்கப்பட்டது. இருக்கும் பள்ளிகளையும் ஆசிரியர்களையும் கொண்டே இரு வேளைகளில் இரு தொகுதி மாணவரைச் சேர்க்கலாம், பள்ளியை அணுகாத பிள்ளைகளுக்கும் இடம் கிடைக்கும் என்பது அரசின் வாதம். மாநிலத்தின் நிதி நெருக்கடியும் மெய்யே. எதிர்ப்பாளர் அதற்குக் 'குலக்கல்வி' என்று பெயரிட்டனர். திராவிடர் கழகமும் திராவிட முன்னேற்றக் கழகமும் வீதியில் போராட, காங்கிரசுக்குள்ளேயும் எதிர்ப்பு எழுந்தது. 1954 ஏப்ரலில் இராஜாஜி பதவி விலகினார். பின்வந்த காமராசர் அத்திட்டத்தைக் கைவிட்டார்.

திண்ணை ரசாயனம் எழுதியவரே அரை நாள் பள்ளியையும் வகுத்தது முரண் போலத் தோன்றும். ஆழ்ந்து நோக்கின் இரண்டிற்கும் வேர் ஒன்றே எனலாம். கல்வி பள்ளிச் சுவருக்குள் அடங்கியதன்று, வீடும் தொழிலும் திண்ணையும் கற்பிக்கும் என்ற நம்பிக்கையே அவ்வேர். அந்நம்பிக்கை நூலாக வெளிப்பட்டபோது அது வாசகருக்கு ஒரு வாயிலைத் திறந்தது. விரும்பியவர் நுழையலாம், விரும்பாதவர் விலகலாம். அதுவே அரசாணையாக வெளிப்பட்டபோது, பிள்ளையின் கையிலிருந்த இரண்டு மணி நேரத்தைப் பறித்தது. அதைத் திரும்பப் பெறும் வழி ஏழைப் பெற்றோரிடம் இல்லை.

திண்ணையைப் பற்றியும் ஒன்று கூற வேண்டும். பழைய ஊர்களில் திண்ணையும் திண்ணைப் பள்ளிக்கூடமும் எல்லோர்க்கும் திறந்திருந்தவை அல்ல. ஒடுக்கப்பட்ட சாதியினர் பலருக்குத் திண்ணையில் ஏறும் உரிமையே இருந்ததில்லை. அச்சிட்ட நூலின் திண்ணையில் எவரும் அமரலாம். ஆனால் அதற்கு முதலில் எழுத்தறிவு வேண்டும். அவ்வெழுத்தறிவைத் தருவது பள்ளி. தொரப்பள்ளி முன்சீபின் மகனுக்கு ஓசூர்ப் பள்ளியும் பெங்களூர்க் கல்லூரியும் கிடைத்தன. தந்தையின் தொழிலோடு அவர் கல்வி நின்றிருப்பின், சேலத்துச் சங்கமும் தோன்றியிராது, திண்ணை ரசாயனமும் எழுதப்பட்டிராது. 1953இல் ஓசூர் வட்டம் பெரிதும் ஊரகமாகவே இருந்தது. அத்திட்டம் நீடித்திருந்தால் அவர் பிறந்த மண்ணின் பிள்ளைகளே அதன் விளைவைச் சுமந்திருப்பர்.

மூன்றாம் வகுப்பும் முழு வாழ்வும்

பள்ளி மறுக்கப்பட்டவர்க்கு நூல் என்ன செய்யும் என்பதற்கு நம் சமுதாயத்திலேயே சான்று உண்டு. நாகூரில் பிறந்த சித்தி ஜுனைதா பேகம் (1917–1998) பள்ளியிற் பயின்றது மூன்றாம் வகுப்பு வரையே. அதன்பின் வீட்டிற்குள் இருந்தபடியே நூல்களையும் இதழ்களையும் படித்துத் தம்மை வளர்த்துக்கொண்ட அவர், 1938இல் 'காதலா கடமையா' என்னும் நாவலை வெளியிட்டார். அவரைப் போற்றும் நாம், அதே காலத்தில் மூன்றாம் வகுப்போடு நின்று நூல் எதுவும் கைக்கு எட்டாமற்போன பெண்களையும் எண்ணிப் பார்த்தல் கடமை. ஒருவர் தாமே கற்று உயர்ந்ததைக் காட்டி, மற்றவர்க்குப் பள்ளி வேண்டியதில்லை என்று எவரும் வாதிடலாகாது. அதே சமயம் பள்ளி கைவிட்ட ஒருவரையேனும் கைதூக்கிவிடும் நூலை எவரும் எளிதாக எண்ணவும் ஆகாது.

தமிழ் முஸ்லிம்கள் இத்துறைக்கு வாசகராக மட்டும் நின்றுவிடவில்லை. தொண்டியைச் சேர்ந்த எம். ஆர். எம். அப்துற் றஹீம் எழுதிய தன்முன்னேற்ற நூல்கள், சமய வேறுபாடின்றித் தமிழ் இளைஞர் கைகளில் தவழ்ந்தன. அவரே தொகுத்த 'இஸ்லாமியக் கலைக்களஞ்சியம்', அரபி அறியாத தமிழ் வாசகர் தாமே தேடித் தெளியும் துணையாயிற்று. மணவை முஸ்தபா (1935–2017), 1967இல் தொடங்கிய யுனெஸ்கோ கூரியர் தமிழ்ப் பதிப்பின் ஆசிரியப் பொறுப்பை ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகள் வகித்தார். அறிவியலும் தொல்லியலும் கலையும் கல்வியும் பேசும் பன்னாட்டு இதழைத் திங்கள்தோறும் தமிழாக்க வேண்டிய நெருக்கடி, அவரைக் கலைச்சொல் ஆக்கத்தில் இறக்கியது. மருத்துவம், கணினி முதலிய துறைகளுக்கு அவர் பின்னர்த் தொகுத்த களஞ்சியங்கள் அவ்வுழைப்பின் விளைச்சலாகும்.

சேலத்துச் சங்கத்திற்கும் மணவையாருக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. சங்கம் சொற்பட்டியலில் தொடங்கியது. மணவையார் கட்டுரையில் தொடங்கிச் சொல்லை அடைந்தார். வாக்கியத்தில் வைத்து எழுதிப் பார்க்கும்போதே ஒரு சொல் இயல்பாக ஓடுகிறதா, இடறுகிறதா என்பது புலப்படும். 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்த தமிழ்க் கலைக்களஞ்சியத்தில், பெரியசாமித் தூரனின் ஆசிரியத்துவத்தில் பல துறை அறிஞர்கள் செய்ததும் இத்தகைய பணியே.

ஆலைகளின் நிழலில்

இராஜாஜி பிறந்த இல்லம் இன்று அரசின் நினைவு இல்லமாக விளங்குகிறது. அதனைச் சூழ்ந்த உலகமோ முற்றிலும் மாறிவிட்டது. 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை அமைந்தது முதல் ஓசூர் பேருந்து, இருசக்கர வாகனம், இயந்திர உதிரிப்பாகம் ஆகியவற்றின் நகரமாயிற்று. டிட்கோவும் டாட்டா குழுமமும் 1984இல் இணைந்து உருவாக்கிய டைட்டன் நிறுவனம் இங்கே கைக்கடிகாரம் செய்யத் தொடங்கியது. 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து கிருஷ்ணகிரி மாவட்டம் பிறந்தது. 2019இல் ஓசூர் மாநகராட்சியாக உயர்ந்தது. 2021இல் போச்சம்பள்ளியில் மின் இருசக்கர வாகன ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. ஆலைகளுக்குத் தமிழகத்தின் பல மாவட்டங்களிலிருந்தும் பிற மாநிலங்களிலிருந்தும் இளைஞர்கள் வந்து சேர்கின்றனர்.

ஐ.டி.ஐ. முடித்து வந்த இளைஞர் ஒருவர் நாள்தோறும் பூட்டும் மின்கலத்தினுள் என்ன நிகழ்கிறது என்று அறிய விரும்பினால், அது வேதியியல். தம் கையிலுள்ள எஃகு ஏன் ஒரு வெப்பநிலையில் இறுகி மற்றொன்றில் இளகுகிறது என்று வினவினால், அதுவும் வேதியியலே. இயந்திரத்தை இயக்கும் முறையை ஆலையின் பயிற்சி கற்றுத்தரும். 'ஏன்' என்னும் வினாவுக்கு விடை தருவது அதன் வேலையன்று. அவ்விடையைத் தமிழில், அவர் மொழியில், அவரது அறிவை மதித்துச் சொல்லும் நூல்கள் இன்னும் போதிய அளவில் இல்லை. தேர்வு வழிகாட்டிகள் கடைகளில் குவிந்துள்ளன. அவை விடையை மனனம் செய்யத் துணைபுரிகின்றன. வினாவைக் கிளர்த்தும் நூல் வேறு வகை. 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், சொத்து வரியோடு நூலக வரியையும் பெற்று ஊர்தோறும் நூலகம் அமைக்க வழிசெய்தது. மாடங்கள் இருந்தும் அவற்றில் வைக்க வேண்டிய நூல் எழுதப்படாவிடில் பயன் என்ன? தக்கனி பேசும் இல்லத்தில் பிறந்து தமிழில் படிக்கும் ஓசூர்ப் பிள்ளையையும் அந்நூலின் ஆசிரியர் தம் வாசகராக எண்ண வேண்டும்.

அந்தலூசிய அறிஞர் இப்னு துஃபைல் (மறைவு ஹிஜ்ரி 581 / கி.பி. 1185) எழுதிய 'ஹய் இப்னு யக்ளான்' என்னும் கதை, 1671இல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டபோது 'தானே கற்ற தத்துவஞானி' என்ற தலைப்பைப் பெற்றது. ஆளில்லாத் தீவில் மானிடம் பாலுண்டு வளரும் ஹய், உற்றுநோக்கலாலும் சிந்தனையாலும் இயற்கையின் நியதிகளை அறிந்து, இறுதியில் படைத்தவனையும் உணர்கிறான். தானே கற்போரின் முழு உருவம் அவன். ஆயினும் அவனுக்குப் பேச்சு இல்லை. வேறு தீவிலிருந்து வந்த அப்ஸால் பொறுமையோடு ஒவ்வொரு பொருளையும் சுட்டிப் பெயர் சொல்லிக் கற்பித்த பின்னரே, ஹய் தான் அறிந்ததை மற்றொருவருடன் பகிர முடிகிறது.

அப்ஸால் செய்த அந்த வேலையே பொது வாசகருக்கு நூல் எழுதுவோரின் வேலை. மானிப்பாயிலும் சேலத்திலும் சென்னையிலும் அதைச் செய்தவர்கள் தத்தம் குறைகளோடு செய்தனர். அவர்கள் வகுத்த சொற்களுள் பல வழக்கொழிந்தன, சில நிலைத்தன. ஓசூர் ஆலைகளில் இன்று வழங்கும் பொருள்களுக்கும் அவற்றின் உள்ளியக்கத்திற்கும் பெயர் சொல்லித் தரும் பணி, இத்தலைமுறையின் எழுத்தாளரை எதிர்நோக்கி நிற்கிறது. பள்ளியின் கதவு எல்லோர்க்கும் முழு நாளும் திறந்திருப்பதை உறுதிசெய்வது அரசின் கடன். பள்ளி முடிந்த பின்னும் அறிவின் வாயில் மூடாதிருக்கச் செய்வது கற்றோரின் கடன். ஒன்றைக் காட்டி மற்றொன்றைக் கைவிடலாகாது என்பதே தொரப்பள்ளியில் தொடங்கிய இவ்வரலாறு நமக்கு விட்டுச்செல்லும் படிப்பினை.